நான் ஏறினா விழாத ஓவர்டிரைவ்

சித்தெ அக்கட்ட தள்ளி உக்காரு கண்ணு. இன்னுங் கொஞ்சம். ஆங், போதும். உன்னைக் குத்தம் சொல்லல, இந்த சீட்டைத்தான் சொல்றேன். இப்பெல்லாம் பஸ்சு சீட்டை நெம்பச் சின்னதாப் பண்ணிப்போட்டாங்க. நீ எங்க, தாராபுரமா? நானும் தாராபுரந்தான். நல்லதாப் போச்சு, பேச்சுத்துணைக்கு ஆளாச்சு.

அந்த ஹாரன் சத்தம் கேக்குதா? பின்னாடி. அய்யோ, திரும்பிப் பாக்காதே! பாத்தீன்னா நான்தான் பாக்கச் சொன்னேன்னு நெனச்சுக்குவாரு. பையில எதையோ தேடற மாதிரி குனிஞ்சு பாரு. பச்சைக் காரு தெரியுதா? ரெண்டே கதவு, மூக்கு மட்டும் முழ நீளத்துக்கு? அதை ஓட்டிட்டு வர்றவருதான் என்ற ஊட்டுக்காரரு. சிங்காநல்லூர்ல நான் பஸ்சு ஏறினதுல இருந்து பின்னாடியே வர்றாரு. வரட்டும். நல்லா வரட்டும்.

புருசன் கார்ல வர்றான், பொண்டாட்டி பஸ்சுல போறான்னு பாக்கறயா? நான் ஏறினா அந்தக் காருக்கு ஆகாதாம். என்ற ராசி அப்படியாம். அவரு வாயாலயே சொன்னது. ஊரே கேக்கச் சொன்னது.

அந்தக் காரு இங்கிலீசுக்காரன் பண்ணினது. பேரு என்ற வாயில நுழையாது, நுழைஞ்சாலும் சொல்லமாட்டேன், அத்தனை கடுப்பு. வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்காரரு செட்டுல கெடந்துச்சு. நெசமாச் சொல்றேன், பின்சீட்டுல கோழி அடை காத்துட்டு இருந்துச்சு. இவரு பம்புப் பட்டறையைப் பையன் கையில குடுத்துப்போட்டு, சும்மா உக்காரமுடியாம, அதைப் போயிப் புடிச்சுட்டு வந்தாரு. அன்னைக்கிருந்து அதுக்கடியிலதான் படுக்கை. சோத்துக்குக் கூப்புடணும்னாக்கூட நான் அவரு பாதத்தைப் பாத்துத்தான் பேசணும். பாதமும் பதில் சொல்லும், "இதா வந்துட்டேன் மயிலா"ன்னு. வராது. மயிலாத்தாள்னு எங்கப்பன் வெச்ச பேரு, இவரு மயிலான்னு சுருக்கிப்போட்டாரு.

எனக்கு அந்த வண்டியைப் பத்தி ஒண்ணுமே தெரியாது கண்ணு. எனக்கெதுக்கு அந்தச் சோலி? அதுல ஓவர்டிரைவ்னு ஒண்ணு இருக்கு. நாலாவது கியர்ல வெசயாப் போறப்ப இஞ்சின் கத்தும் பாரு, அப்ப ஸ்டியரிங் பக்கத்துல ஒரு குச்சி இருக்கும், அதைத் தட்டணும். தட்டினா கியர்பாக்ஸுக்குப் பின்னாடி ஒட்டிட்டிருக்கற டப்பாவுக்குக் கரண்டு போகும். அங்க சோலினாய்டுன்னு ஒரு காந்தம், 'டக்'குனு இழுக்கும். உள்ள ஆயில் அழுத்தி, அஞ்சாவது கியரு போட்ட மாதிரி விழுந்துரும். வேகம் அப்படியே இருக்கும், சத்தம் மட்டும் அடங்கிப்போகும். குச்சிக்கும் காந்தத்துக்கும் நடுவுல ஒரு ஃபியூசு, ஒரு ரிலே, கியர்பாக்ஸ் தலைமேல ஒரு சுவிட்சு. மூணாவது நாலாவதுல மட்டும்தான் அந்த சுவிட்சு கரண்டு விடும். தப்பித்தவறி ரிவர்ஸ்ல விட்டா டப்பாவே நொறுங்கிரும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மத்ததெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்.

அந்த 'டக்' விழுந்து சத்தம் அடங்கறப்ப அவரு மூஞ்சியைப் பாக்கணுமே! அழுத கொழந்தை தூங்கிருச்சுன்னு மெதுவாத் தொட்டிலை விட்டுக் கையெடுப்போமல்ல, அப்படி ஒரு மூஞ்சி. எங்க பெரியவன் பொறந்தப்பக்கூட அந்த மூஞ்சி வரல.

மாசி மாசம் பழனிக்குப் போனோம், நானும் அவரும். அதுதான் வண்டி தயாரானதும் நான் ஏறின மொத தடவை. பட்டுச்சேலை கட்டி, பூ வெச்சு, ராணி மாதிரி ஏறி உக்காந்தேன். உடுமலை ரோட்டுல நல்லா வேகம் புடிச்சு, என்னைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சு, "இப்பப் பாரு"ன்னு குச்சியைத் தட்டினாரு. நானும் பாத்தேன். ஒண்ணையும் காணோம். மறுக்காத் தட்டினாரு. மறுக்கா மறுக்காத் தட்டினாரு. வண்டி கத்திட்டேதான் போச்சு. "நேத்து விழுந்துச்சே, நேத்து விழுந்துச்சே"ன்னு பழனி வரைக்கும் புலம்பினாரு. முருகன்கிட்டயும் அதைத்தான் கேட்டுருப்பாரு, நான் எட்டிக் கேக்கல.

மறுநாளு தனியா எடுத்துட்டுப் போறாரு, 'டக்'குனு விழுது. சத்தியமங்கலத்துக்கு என்ற அக்கா ஊட்டுக்கு என்னையக் கூட்டிட்டுப் போறாரு, விழல. என்னைய அங்க எறக்கி விட்டுப்போட்டு அந்தியூர் வரைக்கும் ஒரு சுத்து சுத்தறாரு, விழுது! திரும்ப வந்து என்னைய ஏத்தறாரு, விழல. அன்னைக்கு ஊடு வந்து சேர்ற வரைக்கும் அந்த இஞ்சின் மட்டும்தான் பேசுச்சு.

சுங்கத்துப் பக்கம் ஜெபமணின்னு ஒருத்தரு, வண்டி வயரிங் வேலை பாக்கறவரு. வந்தாரு. ஈர்க்குமாத்துக் குச்சிக்குச் சட்டை போட்டு விட்ட மாதிரி இருப்பாரு, ஃபேனைப் போட்டா சொவத்தைப் புடிச்சுக்குவாரு. ஒரு பல்பு, அதுல ரெண்டு வயரு, அதுதான் அவரு ஆயுதம். ஒரு வயரை வண்டி உடம்புல மாட்டி இன்னொண்ணை எங்க தொட்டாலும், கரண்டு இருந்தா பல்பு எரியும். ஃபியூசுல தொட்டாரு, எரிஞ்சுது. ரிலேயில தொட்டாரு, எரிஞ்சுது. கியர்பாக்ஸ் சுவிட்சுல தொட்டாரு, எரிஞ்சுது. வண்டிக்கடியில படுத்துச் சோலினாய்டு முனையில தொட்டாரு, அங்கயும் எரிஞ்சுது. "கரண்டு வருதுங்களே"ன்னாரு. "வருது, ஆனா விழலயே"ன்னாரு இவரு. ரெண்டு பேரும் வண்டிக்கடியில இந்தப் பக்கம் ரெண்டு காலு அந்தப் பக்கம் ரெண்டு காலுமாக் கெடந்து இதையே பேசிட்டிருந்தாங்க.

டார்ச்சு புடிச்சது யாரு? நான்தான். "அது வெறும் மஞ்ச வயருங்க, மஞ்சள்ல ஊதாக்கோடு போட்டதுதான் டப்பாவுக்குப் போறது"ன்னு எடுத்துச் சொன்னதும் நான்தான். ரிலேயை மாத்தினாங்க. எர்த்து வயரைச் சொரண்டி மறுபடி முறுக்கினாங்க. சோலினாய்டைக் கழட்டிச் சட்டி கழுவற மாதிரிக் கழுவினாங்க. முடிச்சுப்போட்டு ஜெபமணியைப் பக்கத்துல உக்கார வெச்சு அவிநாசி ரோட்டுல ஓட்டினாரு, விழுந்துச்சு. வாயெல்லாம் பல்லா வந்தாரு. "ஏறு மயிலா"ன்னாரு. ஏறினேன். விழல.

அப்பத்தான் அந்த ஜெபமணி ஒரு கேள்வி கேட்டாரு. தலையைச் சொறிஞ்சுட்டு, என்ற மூஞ்சியைப் பாக்காம, டயரைப் பாத்துட்டே கேட்டாரு. "தப்பா நெனைக்காதீங்கம்மா, உங்க எடை எவ்வளவு இருக்குங்க?"

ஏங் கண்ணு, கேக்கற கேள்வியா இது? ஒரு ஊட்டுக்கு வந்து, அந்த ஊட்டுக் காப்பியைக் குடிச்சுப்போட்டு? எனக்கு வந்துச்சே கோவம். ஆனாலும் பெரிய மனுசியா அடக்கிக்கிட்டு, "அம்பத்தெட்டு"ன்னு சொன்னேன்.

ஏன் இருமறே? தண்ணி வேணுமா? இந்தா.

நான் ஒண்ணும் பொய் சொல்லல. பெரியவன் பொறந்தப்ப ஆஸ்பத்திரியில எடுத்த எடை அது. நர்சம்மா எழுதிக் குடுத்தது. அதுக்கப்புறம் யாரு எடுத்தா? சரி, போன மாசம் சக்கரைக்குக் காட்டப் போனப்ப ஏறச் சொன்னாங்க. அந்த மிசினு ரிப்பேரு. எல்லாத்துக்கும் அதிகமாத்தான் காட்டுது.

ஜெபமணி என்ன பண்ணினாரு, ஊட்டுல இருந்த பொன்னி அரிசி மூட்டை ரெண்டைத் தூக்கி என்ற சீட்டுல வெச்சாரு. அதுக்குமேல துவரம்பருப்புப் பையி. கூட்டினா சரியா அம்பத்தெட்டு. சீட்டு பெல்ட்டைக்கூட மாட்டி விட்டாரு மூட்டைக்கு. ரெண்டு பேரும் ஓட்டிட்டுப் போனாங்க, ஜெபமணி பின்னால ஒடுங்கி உக்காந்துக்கிட்டாரு. விழுந்துச்சு! போறப்பவும் விழுந்துச்சு, வர்றப்பவும் விழுந்துச்சு. மூட்டையை எறக்கிப்போட்டு நான் ஏறினேன். விழல.

ஜெபமணி என்னையப் பாத்தாரு. மூட்டையைப் பாத்தாரு. மறுக்கா என்னையப் பாத்தாரு. "இன்னொரு மூட்டை சேத்து வெச்சு ஒருக்கா ஓட்டிப் பாக்கலாங்களா"ன்னு இழுத்தாரு. "ஏய்யா, என்னைப் பாத்தா உனக்கு மூணு மூட்டையாத் தெரியுதா"ன்னு ஒரு சத்தம் போட்டேன் பாரு, பல்பைச் சுருட்டிப் பையில போட்டுட்டுக் கெளம்பினவருதான். அன்னைக்கிருந்து எங்க தெருப்பக்கமே காணோம்.

நான் அப்பவே சொன்னேன், எடைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு. அவங்களே மூட்டை வெச்சு நிரூபிச்சுப்போட்டாங்களல்ல? அப்ப என்ன காரணம்? அதை யோசிக்கணுமா வேண்டாமா? இவரு யோசிக்கல. வாசல்ல நின்னுட்டு, கையைத் துணியில தொடச்சுக்கிட்டே, "வயரு மேல தப்பில்ல, ரிலே மேல தப்பில்ல, எடையும் இல்ல. அப்ப உன்ற ராசிதான் மயிலா"ன்னாரு. சிரிச்சுட்டேதான் சொன்னாரு. நானும் சிரிச்சேன், அதையும் சொல்லிப்போடறேன். அன்னைக்கு அது தமாசு.

ஆனா தமாசை ஒருக்காச் சொன்னாப் போதுமல்ல? பழைய காரு வெச்சிருக்கறவங்கெல்லாம் ஞாயித்துக்கெழமையானா ரேஸ்கோர்சுல கூடுவாங்க, அங்க போயிச் சொன்னாரு. பால்காரன்கிட்டச் சொன்னாரு. பையன் போன் பண்ணினா அவன்கிட்டச் சொன்னாரு. "எங்கூட்டு அம்மிணி ஏறினா ஓவர்டிரைவ் விழாதுங்க, ராசி அப்படி"ன்னு, அதையொரு பட்டம் மாதிரி எனக்குச் சூட்டிப்போட்டு, என்னையக் கூட்டிட்டுப் போறதையே நிறுத்திட்டாரு. ஞாயித்துக்கெழமை காலைல குளிச்சு, செண்ட் அடிச்சு, தனியாக் கெளம்புவாரு. நான் வாசல்ல நின்னு கேட்டைச் சாத்துவேன். நான் கூட வர்றேன்னு கேட்டா எனக்கு அசிங்கமல்ல? கேக்கல.

எங்க, காணோம்? ஹாரனும் இல்ல. சூலூர் தாண்டினப்பக்கூட இருந்தாரே. எங்காவது நின்னுட்டாரா? நிக்கட்டும் நிக்கட்டும், எனக்கென்ன. நீ சித்தெ எட்டிப் பாரேன். தெரியலயா? சரி விடு.

எங்க விட்டேன்? ஆங், அந்த ராசிப் பேச்சு. அது ருக்குமணி வரைக்கும் போச்சு. இவருகூடப் பொறந்த தங்கச்சி, தாராபுரத்துல குடுத்திருக்கு. அவ பொண்ணுக்குத்தான் நாளைக்கு முகூர்த்தம். இவரு தாய்மாமன். இன்னைக்குச் சாயங்காலம் மாமன் சீரு. தட்டுத் தட்டாத் தூக்கிட்டு மேளத்தோட மண்டபத்துக்குள்ள போவோமல்ல, அதுல மொதத் தட்டு யாரு தூக்கணும்? மாமன் பொண்டாட்டி. அது என்ற தட்டு. மஞ்சளும் குங்குமமும் மாங்கல்யச் சரடும் வெச்ச தட்டு. அந்தப் புள்ளை பொறந்து மொதமொதல்ல தொட்டில் போட்டப்ப சக்கரைத்தண்ணி தொட்டு வெச்சது நான். "அத்தை அத்தை"ன்னு என்ற முந்தானையிலயே சுத்தின புள்ளை.

போன வாரம் கல்யாண வேலை பேசறதுக்குப் பையன் கார்ல போயிருந்தோம். ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் கூடியிருக்கு. இவரு வழக்கம்போல ஆரம்பிச்சாரு, ஓவர்டிரைவு, ராசி, பல்பு, மூட்டை. எல்லாரும் சிரிச்சாங்க. ருக்குமணி சிரிக்கல. அவளுக்கு இந்தச் சகுனம் ராசியெல்லாம் கொஞ்சம் ஜாஸ்தி. சித்தெ நேரங் கழிச்சு என்னையச் சமையக்கட்டுக்குக் கூப்புட்டு, கையைப் புடிச்சுக்கிட்டு, நெம்பப் பாசமா, "அண்ணி, நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. மொதத் தட்டை என்ற கொழுந்தன் பொண்டாட்டி தூக்கட்டும். நீங்க பின்னாடி பழத்தட்டை எடுத்துட்டு வாங்க. அண்ணனே சொல்லுதல்ல, நல்ல காரியத்துல எதுக்கு"ன்னா.

பாசமாச் சொன்னா பாரு, அதுதான் தாங்கல. திட்டியிருந்தா நாலு வார்த்தை நானும் திட்டியிருப்பேன்.

ஏங் கண்ணு, நீயே சொல்லு. பட்டறைக்கு மொதமொத கரண்டு குடுத்த அன்னைக்குச் சுவிட்சைப் போட்டது யாரு? "நீ போடு மயிலா"ன்னு என்னையத்தான் போடச் சொன்னாரு. அந்த மோட்டாரு இன்னைக்கும் ஓடுது. அது யாரு ராசி? ரெண்டு புள்ளைங்க, ரெண்டும் நல்லா இருக்கு. அது யாரு ராசி? அதுக்கெல்லாம் இவரு உழைப்பு, இவரு மூளை. ஒரு காந்தம் 'டக்'குனு இழுக்காததுக்கு மட்டும் என்ற ராசியா?

வர்ற வழியில சொன்னேன், உங்க தங்கச்சி இப்படிச் சொல்லிப்போட்டான்னு. "அவ கெடக்கறா விடு, நான் தமாசுக்குத்தானே சொன்னேன்"னாரு. அப்ப அவகிட்டப் போயி, தமாசுக்குச் சொன்னேன்னு சொல்லுங்கன்னேன். "சொல்லலாம், சொல்லலாம்"னாரு. ஒரு வாரமாச் சொல்லலாம் சொல்லலாம்னேதான் இருக்காரு. ஏன்னு எனக்குத் தெரியும். அவருக்கும் உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம். மூட்டை வெச்சும் விழுந்துச்சு, பொண்டாட்டி ஏறினா விழலயே, ஒருவேளை இருக்குமோன்னு. அந்தச் சந்தேகம்தான் கண்ணு என்னையச் சுடுது. ஊரு சொன்னாப் போகட்டும். கூடப் படுத்து எந்திரிச்ச மனுசன் மனசுல அது இருக்கலாமா?

அதான் இன்னைக்குக் காலைல, "உங்க காருக்கு என்ற ராசி வேண்டாம், நான் பஸ்சுலயே வர்றேன்"னு பையைத் தூக்கிட்டு ஆட்டோ புடிச்சுட்டேன். அவரு கெஞ்சினாரு, நான் திரும்பல. வெறுஞ் சீட்டாப் போகவேண்டாம்னு சீர்ச் சாமானையெல்லாம் என்ற சீட்டுல ஏத்திக் கயிறு போட்டுக் கட்டிட்டு, நான் பஸ்சுக்கு நிக்கறப்ப ஸ்டாண்டுக்கே வந்தாரு. பித்தளை அண்டா, வெண்கல உருளி, குத்துவெளக்கு ஜோடி, அண்டாவுக்குள்ள அரிசியும் வெல்லமும் தேங்காயும். பின்னாடி துணிமணித் தட்டு, டிக்கியில ஜாக்கியும் ஸ்பேனரும். பொண்டாட்டி இல்லாத குறைக்கு அண்டாவுக்கு பெல்ட்டு போட்டிருக்காரு.

இரு. ஒரு நிமிசம் பேசாதே. கேளு.

அந்தக் கத்தல் கேக்குதா? பின்னாடி. அது லாரி இல்ல, அதுதான் அது. நாலாவது கியரு, எண்பதுல வருது, இஞ்சின் தொண்டை கிழியுது. இந்நேரம் அந்தக் குச்சியைத் தட்டியிருக்கணும். தட்டாம வரமாட்டாரு, அவருக்கு அதுதான் உசுரு. தட்டியும் விழல. விழல கண்ணு! நான் இங்க இருக்கேன், அது அங்க விழல! என்ற கையைக் கிள்ளு. நான் பஸ்சுல உன்ற பக்கத்துல உக்காந்திருக்கேனா இல்லையா? நீ சாட்சி. இப்ப யாரு ராசிங்கறாரு? அண்டா ராசியா?

அட, தாண்டிப் போறாரு. என்ன கையைக் கையை ஆட்டறாரு? மூஞ்சியெல்லாம் கரி. போறாரு போறாரு, பல்லடம் ஸ்டாண்டுக்குள்ள நம்மளுக்கு முன்னாலயே நொழையறாரு. பஸ்சு நிக்கற எடத்துல காரைப் போட்டுட்டாரே, இந்த மனுசனுக்குப் புத்தி இருக்குதா? கண்டக்டரு தம்பி திட்டப் போறாரு.

வர்றாரு. பஸ்சுக்குள்ளயே ஏறிட்டாரு. கையில என்ன அது? உருளி! உருளியைத் தூக்கிட்டு வர்றாரு பாரு, வேட்டியெல்லாம் அழுக்கு. நீ ஜன்னலைப் பாத்துக்க கண்ணு, நான் பேசமாட்டேன்.

என்னங்க? எதுக்கு இப்படிக் கத்தறீங்க, மெதுவாச் சொன்னா ஆகாதா?

என்னது? ராசி இல்லையா? அதைத்தான் நான் மாசியில இருந்து சொல்லிட்டிருக்கேன். அப்பறம்? வெயிட்டா?

கேட்டியா கண்ணு, என்ன சொல்றாருன்னு. சூலூர்ல இருந்து ஓவர்டிரைவ் விழலயாம். ஓரங்கட்டி நிறுத்தி, அண்டாவையும் உருளியையும் எறக்கி ரோட்டோரத்துல வெச்சுப்போட்டு ஓட்டிப் பாத்தாராம், விழுந்துச்சாம். திரும்ப வந்து ஏத்தினாராம், விழலயாம். சீட்டைத் தூக்கிக் கார்பெட்டைக் கிழிச்சுப் பாத்தாராம். மஞ்சள்ல ஊதாக்கோடு வயரை முன்ன யாரோ சீட்டுக் கம்பிக்கு அடியில விட்டு ஓட்டியிருக்காங்களாம். சீட்டு நல்லா அமுங்கினா உள்ள செம்புக்கம்பி விட்டுப்போகுதாம், எந்திரிச்சா ஒட்டிக்குதாம். மேல தோலு முழுசா இருக்கறதால கண்ணுக்குத் தெரியலயாம். அம்பத்தெட்டுக் கிலோவுக்கு அமுங்காதாம். அதுக்கும் நெம்ப மேல வேணுமாம்.

ஏங்க, இதைப் பஸ்சு பூரா கேக்கறாப்ல சொல்லணுமா? அங்க பாருங்க, டிரைவரே திரும்பிப் பாத்துச் சிரிக்கறாரு. "அம்பத்தெட்டுன்னு சொன்னியே மயிலா, அம்பத்தெட்டுன்னு சொன்னியே"ன்னு என்னத்துக்குத் திரும்பத் திரும்ப? ஆமா, சொன்னேன். இப்ப அதுக்கென்ன? ஜெபமணி அன்னைக்கே மூணாவது மூட்டை கேட்டாரா? கேட்டாரு. கேட்டா, நான் சத்தம் போட்டா, நீங்க புருசனா லச்சணமா, "இரு மயிலா, வெச்சுத்தான் பாப்போம்"னு சொல்லியிருக்கணுமல்ல? எனக்குப் பயந்துட்டு ராசி மேல பழியைப் போட்டீங்க.

சிரிக்காதே கண்ணு. நீயுமா?

என்னங்க கண்டக்டரு தம்பி? உருளிக்கு லக்கேஜ் டிக்கெட்டா? பாரு, இவரு குடுக்கற பதிலை! அந்த அண்டாவும் உருளியும் என்ற சீட்டுல வருமாம், நான் கார்ல போவேனாம், எடை ரெண்டும் ஒண்ணுதானாம், அதே டிக்கெட்டு போதுமாம். இந்த வாய்க்கொழுப்பாலதான் இத்தனையும் வந்துச்சு, இன்னும் அடங்கல பாரு.

உருளியைக் கீழ வைங்க. நான் எறங்கல. வண்டியை எடுக்கச் சொல்லுங்க தம்பி.

என்னங்க மெதுவா ஏதோ சொல்றீங்க? கேக்கல. வெயிட்டை மட்டும் ஊரே கேக்கச் சொன்னீங்க, இதை மட்டும் காதுக்குள்ளயா? தப்புதானா? என்ன தப்பு? தமாசு பண்ணினதா? தமாசுக்கு நான் கோவிச்சுக்கல. நீங்களும் நம்பினீங்க பாருங்க, அதுக்குத்தான் கோவம். நம்பலைன்னு சொல்லுங்க பாப்போம். சொல்ல வரலயல்ல? இதா, கண்ணைக் கசக்கறாரு, கரிக்கையோட. கையை எடுங்க, கண்ணு எரியும். இந்தாங்க முந்தானை.

சரி. எனக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது. உங்க தங்கச்சிக்குப் போனைப் போடுங்க. இப்பவே. அவ வாயால மொதத் தட்டு என்றதுன்னு சொல்லணும், அப்பத்தான் நான் இந்தச் சீட்டை விட்டு எந்திரிப்பேன். டிரைவரு தம்பி, சித்தெ இருங்க சாமி, டீ குடிச்சுட்டு வாங்க வேணும்னா.

எடுத்துட்டாளா? ஸ்பீக்கர்ல போடுங்க.

சொல்லுங்க. "ராசியெல்லாம் இல்ல ருக்கு, வயரு"ன்னு சொல்லுங்க. என்னங்கறா? நம்பலயா? மூட்டை வெச்சுப் பாத்தீங்களேங்கறாளா? பாத்தியா கண்ணு, வெவரமானவ. வெயிட்டைச் சொல்லாம இந்தக் கதை நிக்காது. என்னையப் பாக்கறாரு, சொல்லட்டுமா வேண்டாமான்னு.

இப்ப என்ன பண்ணட்டும் நீயே சொல்லு. அங்க ஸ்பீக்கர்ல கேட்டுட்டு எத்தனை பேரு நிக்கறாங்களோ. அந்தக் கொழுந்தன் பொண்டாட்டியும் நிப்பா, கொடியாட்டம் இருப்பா அவ. இன்னைக்குச் சொன்னா, நாளைக்குப் பந்தியில நான் ரெண்டாவது லட்டு எடுத்தாலும் பாத்துச் சிரிப்பாளுக.

சிரிக்கட்டும். குண்டுன்னு ஆயிரம் பேரு சொல்லிட்டுப் போகட்டும், திங்கறது என்ற வாயி. ராசியில்லாதவன்னு ஒருத்தி சொல்லக்கூடாது. அதுவும் அந்தப் புள்ளை கல்யாணத்துல சொல்லக்கூடாது.

குடுங்க போனை இக்கட்ட.

ருக்குமணி, நான் உங்க அண்ணி பேசறேன். எழுபத்தொம்பது. ஆமா, எழுபத்தொம்பது கிலோ. அன்னைக்கு மூட்டை வெச்சது அம்பத்தெட்டு, நான் சொன்ன பொய்யிக்கு. சக்கரை ஆஸ்பத்திரி மிசினு சரியாத்தான் காட்டுது. உங்கண்ணன் வயரு அறுந்துபோனதுக்கு என்ற உடம்புதான் காரணம், வேற ஒண்ணுமில்ல. பக்கத்துல இருக்கறவங்களுக்கும் கேக்கட்டும்னுதான் சத்தமாச் சொல்றேன். நாங்க கெளம்பி வந்துட்டிருக்கோம். மொதத் தட்டை எடுத்து வெய்யி, நான் தூக்கறேன்.